புயல் நாளில் ரோவரை எவ்வளவு நம்பலாம்?

2024 மே 10, வெள்ளிக்கிழமை. அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலங்களில் மக்காச்சோள விதைப்பு மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. அங்குள்ள பெரிய டிராக்டர்களை ஓட்டுநர் கையால் திருப்புவது குறைவு. செயற்கைக்கோள் சிக்னலும், பக்கத்து பேஸ் ஸ்டேஷன் அனுப்பும் திருத்தமும் சேர்ந்து, இரண்டு மூன்று சென்டிமீட்டர் துல்லியத்தில் வண்டியை நேர்கோட்டில் கொண்டுபோகும். அங்கே நண்பகல், நமக்கு இரவு பத்தரை மணி இருக்கும்போது, சூரியனிலிருந்து கிளம்பிய பிளாஸ்மா மேகங்கள் பூமியின் காந்தப்புலத்தில் வந்து மோதின. 2003 அக்டோபருக்குப் பிறகு வந்த முதல் ஜி5 புவிக்காந்தப் புயல் அது. அன்று டிராக்டர்கள் வரிசையை விட்டு விலகின, சில இடங்களில் நின்றே போயின. விதைப்பு தள்ளிப்போனதால் கைவிட்டுப்போன லாபம் 50 கோடி டாலருக்கு மேல் இருக்கும் என்று கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தின் வேளாண் பொருளியலாளர் டெர்ரி கிரிஃபின் பிறகு மதிப்பிட்டார்.

வண்டியை ஓரங்கட்டிய விவசாயிக்குத் தாமதம் ஒன்றுதான் நஷ்டம். திரையைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்து ஓட்டியவருக்கு வேறு சிக்கல் வந்தது. வண்டி ஒரு கோட்டைப் பதிவு செய்திருக்கும், விதை விழுந்த இடம் அதிலிருந்து தள்ளியிருக்கும். சில வாரம் கழித்து உரம் போடவோ மருந்தடிக்கவோ அதே கோட்டை நம்பி உள்ளே போனால் சக்கரம் பயிர்மேல் ஏறும். டிராக்டர் விற்பனையாளர்கள் அந்த வாரமே வாடிக்கையாளர்களுக்கு இதைத்தான் எச்சரித்தார்கள்.

நம் ஊரில் டிராக்டரின் இடத்தில் எல்லைக்கல்லை வைத்துப் பாருங்கள். டிஜிபிஎஸ் கருவியோடு களத்துக்குப் போகும் நில அளவையர், ட்ரோன் ஓட்டுபவர், சாலைக்கும் பாலத்துக்கும் புள்ளி வைக்கும் பொறியாளர், இரவில் படகு கொண்டுபோகும் கடலோடி ஆகியோருக்காக இந்த அத்தியாயம். சிக்னல் அடியோடு போய்விட்டால் நாம் வேலையை நிறுத்திவிடுவோம், அதனால் பெரிய ஆபத்தில்லை. திரையில் பச்சை நிறத்தில் ‘ஃபிக்ஸ்’ என்று காட்டிக்கொண்டே தவறான இடத்தைச் சொல்லும் கருவியிடம்தான் எச்சரிக்கை வேண்டும்.

சிக்னல் எங்கே தடுமாறுகிறது

ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து வரும் அலை எத்தனை நேரம் பயணம் செய்தது என்பதைக் கொண்டுதான் ரிசீவர் தூரத்தைக் கணக்கிடுகிறது. வழியின் பெரும்பகுதி வெற்றிடம். தரையிலிருந்து ஏறக்குறைய 80 கி.மீ.யில் தொடங்கி 1,000 கி.மீ. வரை பரவியிருக்கும் அயனி மண்டலத்தில்தான் தடங்கல். சூரியனின் புற ஊதாக் கதிர்கள் அங்குள்ள அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரித்துவிடுகின்றன. 300, 400 கி.மீ. உயரத்தில் அவற்றின் அடர்த்தி அதிகம். அந்த எலக்ட்ரான் கூட்டத்தைக் கடக்கும்போது அலையில் ஏறிவரும் குறியீடு சற்றே தாமதப்படும். ரிசீவர் அந்தத் தாமதத்தைத் தூரமாக எடுத்துக்கொள்ளும்.

எவ்வளவு தாமதம் என்பதற்கு எளிய கணக்கு இருக்கிறது. செயற்கைக்கோளிலிருந்து ரிசீவர் வரை ஒரு சதுர மீட்டர் குறுக்களவுள்ள தூணைக் கற்பனை செய்து அதிலுள்ள எலக்ட்ரான்களை எண்ணுவார்கள். இதற்கு டி.இ.சி. என்று பெயர். பத்தின் பதினாறாம் அடுக்கு எலக்ட்ரான்கள் ஒரு அலகு. ஒவ்வோர் அலகுக்கும் எல்1 அதிர்வெண்ணில் (1575.42 மெகாஹெர்ட்ஸ்) சுமார் 16 செ.மீ. பிழை சேரும். எல்5-ல் (1176.45 மெகாஹெர்ட்ஸ்) அதே ஓர் அலகு 29 செ.மீ. ஆகும். நம் நாவிக் அமைப்பு பயன்படுத்தும் எஸ் பேண்டில் 6.5 செ.மீ.தான். சூரியன் சுறுசுறுப்பாக இருக்கும் ஆண்டுகளில், பிற்பகல் நேரத்தில், தென்னிந்தியாவின் தலைக்கு மேலே 80, 100 அலகுகள் சாதாரணம். 100 அலகென்றால் எல்1-ல் 16 மீட்டர். செயற்கைக்கோள் அடிவானத்தை ஒட்டி இருந்தால் அலை சாய்வாக வரும், பிழை இரண்டு மூன்று மடங்காகும்.

இவ்வளவு பிழை இருந்தும் நம் கைபேசி தெருவைச் சரியாகக் காட்டுவதற்குக் காரணம், இதைக் கழிக்க மூன்று வழிகள் இருப்பது. முதல் வழி, ஜி.பி.எஸ். சிக்னலோடு வரும் எட்டு எண்களை வைத்துப் போடப்படும் குளோபுச்சார் கணக்கு. சாதாரண நாளில் இது பிழையில் ஏறக்குறைய பாதியை நீக்கும். அடுத்தது இரட்டை அதிர்வெண் ரிசீவர். இரண்டு அலைகளும் வெவ்வேறு அளவில் தாமதமாவதால், வித்தியாசத்தைப் பார்த்துத் தாமதத்தையே அளந்துவிடலாம். மூன்றாவதுதான் நாம் களத்தில் நம்பியிருக்கும் ஆர்.டி.கே. முறை. இடம் தெரிந்த ஒரு பேஸ், அதற்குப் பக்கத்தில் ஒரு ரோவர். இரண்டின் தலைக்கு மேலும் அயனி மண்டலம் ஒன்றுபோல இருக்கும் என்ற அனுமானத்தில் பிழையைக் கழித்துவிடுகிறோம்.

புயல் உடைப்பது அந்த அனுமானத்தைத்தான். அமைதியான நாளில் மத்திய அட்சரேகைப் பகுதிகளில், ஒரு கி.மீ. தள்ளிப்போனால் தாமதம் ஓரிரு மில்லிமீட்டர் மாறும், மிஞ்சினால் நான்கு. 10 கி.மீ. பேஸ்லைனுக்கு அது ஒன்றிரண்டு சென்டிமீட்டர், சமாளிக்கலாம். 2003 நவம்பர் 20 புயலில் அமெரிக்காவின் ஒஹையோ பகுதியில் பதிவான மாற்றம் கி.மீ.க்கு 400 மில்லிமீட்டருக்கும் அதிகம். அதே 10 கி.மீ.யில் 4 மீட்டர். பேஸ் மேலே ஒரு வானம், ரோவர் மேலே வேறொரு வானம் என்ற நிலை.

ஆர்.டி.கே. கருவி தூரத்தை அலைகளின் எண்ணிக்கையாக எண்ணுகிறது. எல்1-ல் ஓர் அலையின் நீளம் 19 செ.மீ. அயனி மண்டலப் பிழை கலந்துவிட்டால் எண்ணிக்கை ஒன்றிரண்டு பிசகும். பிசகிய எண்ணிக்கையும் தனக்குள் பொருந்திவந்தால் கருவி அதை ஃபிக்ஸ் என்றே அறிவித்துவிடும். திரையில் காட்டும் ஆர்.எம்.எஸ். ஒரு சென்டிமீட்டர், உண்மைப் பிழை அரை மீட்டர் என்று ஆவது இப்படித்தான். அந்த ஆர்.எம்.எஸ். எண் அளவுகள் தமக்குள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை மட்டும் சொல்கிறது. எல்லா அளவும் சேர்ந்து ஒரே பக்கம் நகர்ந்திருந்தால் அதற்குத் தெரியாது.

நம் தலைக்கு மேலே இருக்கும் வானம்

ஆங்கில வழிகாட்டிகளில் பெரும்பாலானவை ஐரோப்பா, வட அமெரிக்கா போன்ற உயர் அட்சரேகைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. புவிக்காந்தக் கலக்கத்தை அளக்கும் கே.பி. எண் ஐந்தைத் தாண்டினால் கவனம், தாண்டாவிட்டால் கவலையில்லை என்று அவை சொல்லும். இதை அப்படியே தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் எடுத்துக்கொண்டால் இரண்டு பக்கமும் ஏமாறுவோம்.

பூமியின் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிச் செல்கிறது. 1963 நவம்பர் 21 அன்று இந்தியாவின் முதல் ஆய்வு ராக்கெட் தும்பாவிலிருந்து ஏவப்பட்டதற்கு அதுவே காரணம். இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் திருநெல்வேலியில் ஓர் ஆய்வகம் வைத்திருப்பதும் அதனால்தான். இந்தக் கோட்டின் மேலே பகல் நேரத்து மின்புலம் எலக்ட்ரான்களை மேல்நோக்கித் தூக்குகிறது. அவை காந்தக் கோடுகள் வழியே வடக்கிலும் தெற்கிலும் சரிந்து இறங்கிக் குவிகின்றன. வடக்குக் குவியல் அகமதாபாத், போபால், கொல்கத்தா பக்கம் விழுகிறது. நாம் ஊற்றின் வாயருகே இருக்கிறோம். புயலே இல்லாத நாளிலும் இங்கே டி.இ.சி. வடக்கு தெற்காகச் சட்டென்று மாறும்.

சூரியன் மறைந்ததும் வேறொன்று நடக்கிறது. அயனி மண்டலத்தின் கீழ் அடுக்கு வேகமாக வலுவிழக்க, மேல் அடுக்கு சற்று நேரம் உயரே எழும்புகிறது. அடியில் வெறுமையான, உயரே அடர்த்தியான அந்த அமைப்பு நிலையற்றது. அடியிலிருந்து எலக்ட்ரான் குறைந்த குமிழிகள் கிளம்பி, நூற்றுக்கணக்கான கி.மீ. உயரம் வரை ஏறுகின்றன. அவற்றின் ஓரங்களில் உள்ள சில நூறு மீட்டர் அளவுச் சிதறல்களில் பட்டு ஜி.பி.எஸ். அலை நட்சத்திர ஒளிபோல மினுக்கத் தொடங்கும். மினுக்கத்தில் சிக்னல் வலு நொடிகளுக்குள் நூறில் ஒரு பங்காகக்கூட விழுந்து எழும். ரிசீவர் பிடியை விட்டுவிடும், திரும்பப் பிடிக்கும்போது அலை எண்ணிக்கை தவறியிருக்கும். இந்தியத் தீர்க்கரேகையில் இது பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரையிலும், செப்டம்பர், அக்டோபரிலும் அதிகம். இரவு ஏழரையிலிருந்து நள்ளிரவு வரை இதன் நேரம்.

இந்தக் குமிழிகளுக்கும் புயலுக்கும் உள்ள உறவு சிக்கலானது, கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். புயல் தாக்கியதும் துருவப் பகுதியில் எழும் மின்புலம் சில நிமிடங்களுக்குள் காந்த நடுக்கோடு வரை ஊடுருவிவிடும். பகல் பக்கத்திலும் அந்தி நேரத்திலும் அது கிழக்கு நோக்கி இருக்கும், அயனி மண்டலத்தை இன்னும் மேலே தூக்கும். ஆகவே புயலின் முதன்மைக் கட்டம் நமக்கு அந்தி சாயும் நேரத்தோடு ஒன்றுசேர்ந்தால் குமிழிகள் வழக்கத்தைவிட மூர்க்கமாக எழும். குமிழி வரக்கூடாத மே, ஜூன் மாதத்தில்கூட எழலாம். இதே புயல் சில மணி நேரம் கழிந்ததும் வேறு முகம் காட்டும். துருவப் பகுதியில் சூடான காற்று நடுக்கோட்டை நோக்கி வீசுகிறது, அது உண்டாக்கும் மின்புலம் எதிர்த் திசையில் இருக்கும். அது அந்தி நேரத்தில் வந்தால் அயனி மண்டலம் எழும்பவே விடாது, அன்றிரவு குமிழி அடங்கிப்போகும். நள்ளிரவுக்குப் பிறகு வந்தால் வழக்கமில்லாத அந்த நேரத்தில் மினுக்கம் கிளம்பலாம்.

கே.பி. எண் எட்டாக இருக்கும் ஓர் இரவில் மதுரையில் சிக்னல் சுத்தமாக இருக்கலாம், கே.பி. இரண்டாக இருக்கும் மார்ச் மாத இரவில் அதே இடத்தில் ரோவர் பிடியே கொடுக்காமல் போகலாம். இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கே.பி. எண் உலகில் 13 காந்த ஆய்வகங்களின் பதிவிலிருந்து கணக்கிடப்படுகிறது. அவை எல்லாம் துருவப் பகுதிக்குச் சற்றுக் கீழேயுள்ள அட்சரேகைகளில் இருப்பவை, நம் பக்கத்தில் ஒன்றுகூட இல்லை. ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகம் வெளியிடும் டி.எஸ்.டி. எண் தாழ்ந்த அட்சரேகை நிலையங்களிலிருந்து வருவது, அது நமக்கு நெருக்கமானது. மைனஸ் 100 நானோடெஸ்லாவுக்குக் கீழே போனால் பெரிய புயல் என்று கொள்ளலாம். 2024 மே 11 காலை அது மைனஸ் 400-ஐ ஒட்டிப் போனது. என்னைக் கேட்டால் நம் பகுதியில் களப்பணி செய்பவர் முதலில் பார்க்க வேண்டியது கடிகாரம், அடுத்து மாதம், அதற்கடுத்து டி.எஸ்.டி., கடைசியாகத்தான் கே.பி.

எச்சரிக்கையை வாசிப்பது

சூரியனில் ஒரு வெடிப்பு நடந்தால் அதன் விளைவு மூன்று தவணையாக வருகிறது. முதல் தவணை எட்டு நிமிடத்தில் ஒளியோடு வந்துவிடும். பகல் பக்கத்தில் டி.இ.சி. திடீரென ஏறும். சில வெடிப்புகளில் சூரியனே ஜி.பி.எஸ். அதிர்வெண்ணில் வானொலி இரைச்சல் எழுப்பும். 2006 டிசம்பர் 6-ல் அப்படி எழுந்த இரைச்சல் பூமியின் பகல் பக்கத்தில் ஏராளமான ரிசீவர்களைத் திணறடித்தது. இதற்கு முன்னெச்சரிக்கை கிடையாது. நிமிடக்கணக்கில், அதிகம் போனால் ஒரு மணிநேரத்தில் அடங்கிவிடும், காத்திருந்தால் போதும். இரண்டாவதாக வரும் வேகமான துகள்கள் செயற்கைக்கோள்களுக்கும் துருவ வழி விமானங்களுக்கும் கவலை தருபவை, தரையில் நிற்கும் நமக்குப் பெரிய பாதிப்பில்லை. மூன்றாவதாக, பெரும்பாலும் இரண்டு மூன்று நாளிலும், மிக வேகமானதாக இருந்தால் பதினைந்து, பதினெட்டு மணி நேரத்திலும் பிளாஸ்மா மேகம் வந்து சேரும். புவிக்காந்தப் புயல் என்பது இதுதான்.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் போல்டரில் உள்ள விண்வெளி வானிலை முன்னறிவிப்பு மையம் இதை ஜி1 முதல் ஜி5 வரை ஐந்து படிகளில் அறிவிக்கிறது. அவர்கள் கணக்குப்படி பதினோரு ஆண்டுச் சூரிய சுழற்சி ஒன்றில் ஜி1 நிலை ஏறக்குறைய 1,700 முறை வரும், ஜி3 200 முறை, ஜி5 நான்கே முறை. ஜி1, ஜி2 என்றால் நம் அட்சரேகையில் வேலையை நிறுத்த வேண்டியதில்லை. ஜி3 என்றால் கீழே சொல்லும் சோதனைகளைக் கூடுதலாகச் செய்யுங்கள். ஜி4, ஜி5 என்றால் எல்லைக்கல் நடுவது, பாலத்துக்குப் புள்ளி வைப்பது போன்ற, திருத்த முடியாத வேலைகளைத் தள்ளிப்போடுங்கள். புயலின் தாக்கம் அடுத்த நாளும் இருக்கும் என்பதால் ஒரு நாள் கூடுதலாகவே ஒதுக்குங்கள்.

அறிவிப்புகள் உலகப் பொது நேரத்தில் இருக்கும். ஐந்தரை மணி நேரம் கூட்டினால் இந்திய, இலங்கை நேரம். மேலே சொன்னபடி புயல் நம் ஊரில் எந்த மணிக்கு விழுகிறது என்பதைப் பொறுத்தே எல்லாம் இருப்பதால் இந்தக் கூட்டலைச் சோம்பலின்றிச் செய்ய வேண்டும். எச்சரிக்கை 13:00 பொது நேரம் என்று சொன்னால் அது நமக்கு மாலை ஆறரை, அதாவது மிக மோசமான வேளை என்று உடனே புரிய வேண்டும்.

இரண்டு நாள் முன்னறிவிப்பில் நேரம் பல மணிநேரம் முன்பின்னாகும். மேகத்துக்குள் இருக்கும் காந்தப்புலம் தெற்கு நோக்கியிருந்தால்தான் புயல் வலுக்கும், அது எந்தப் பக்கம் என்பதும் முன்கூட்டித் தெரியாது. பூமியிலிருந்து சூரியன் பக்கமாக 15 லட்சம் கி.மீ. தள்ளி நிற்கும் விண்கலங்களை மேகம் கடக்கும்போதுதான் அது தெரியும். இந்தியாவின் ஆதித்யா-எல்1 2024 ஜனவரி 6 முதல் அங்கேதான் இருக்கிறது. அங்கிருந்து பூமிக்கு மேகம் வர 15 நிமிடத்திலிருந்து ஒரு மணிநேரம் ஆகும். களத்தில் இருப்பவருக்குக் கிடைக்கும் உறுதியான அவகாசம் அவ்வளவே. தெரிந்த புள்ளிக்குத் திரும்பிப்போய் ஒரு சோதனை அளவு எடுக்க அது போதும்.

இந்தச் சுழற்சியின் உச்சம் 2024-ல் கடந்துவிட்டதே என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். 2003 அக்டோபர், நவம்பர் புயல்கள் அதற்கு முந்தைய உச்சம் முடிந்து ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆனபிறகு வந்தவை.

களத்தில்

2003 அக்டோபர் 29-ல் அமெரிக்க விமானங்களுக்கு வழிகாட்டும் வாஸ் அமைப்பு சுமார் 15 மணி நேரமும், மறுநாள் 11 மணி நேரமும் உயர வழிகாட்டலை நிறுத்திவைத்தது. சிலர் இதை அமைப்பின் தோல்வி என்று எழுதினார்கள். எனக்கு அது அமைப்பின் பெருமையாகவே படுகிறது. தன் கணக்கில் பிழை எல்லையைத் தாண்டலாம் என்று தெரிந்ததும் விமானிக்கு ‘என்னை நம்பாதே’ என்று அது சொன்னது. இந்தியாவின் ககன் அமைப்பும் அதே கொள்கையில் இயங்குகிறது. காந்த நடுக்கோட்டுப் பகுதியின் முரட்டு அயனி மண்டலத்தைச் சமாளிக்க இஸ்ரோ அதற்கெனத் தனிக் கணக்கு முறையையே உருவாக்க வேண்டியிருந்தது. உங்கள் கையில் இருக்கும் ரோவருக்கு அந்தத் திறமை கிடையாது. அந்த வேலையை நீங்கள் செய்ய வேண்டும்.

செய்வது எளிது. தளத்தில் நிலையான ஒரு புள்ளியை முதலில் அமைத்துக்கொள்ளுங்கள். பக்கா கான்கிரீட்டில் அடித்த ஆணி போதும். வேலை தொடங்கும் முன் அதை அளங்கள், நடுவில் ஒருமுறை, முடிக்கும்போது ஒருமுறை அளங்கள். ஒவ்வொரு முறையும் ரோவரின் ஃபிக்ஸை நீக்கிப் புதிதாகப் பிடிக்கவிடுங்கள், இல்லாவிட்டால் பழைய தவறான எண்ணிக்கையையே அது சுமந்துகொண்டிருக்கும். கிடைத்தளத்தில் மூன்று சென்டிமீட்டருக்கு மேல், உயரத்தில் ஐந்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் கடைசியாகச் சரியாக இருந்த சோதனைக்குப் பிறகு எடுத்த எல்லாப் புள்ளியும் சந்தேகத்துக்குரியவை. உயரம்தான் முதலில் கெடும், அதைக் கூர்ந்து பாருங்கள்.

முக்கியமான புள்ளிகளை இரண்டு முறை அளக்க வேண்டும், அதுவும் நேரம் விட்டு. அடுத்தடுத்த நிமிடத்தில் இரண்டு முறை அளந்தால் அதே செயற்கைக்கோள்கள், அதே அயனி மண்டலம், அதே பிழை. இரண்டு அளவும் அழகாகப் பொருந்தி உங்களை ஏமாற்றும். இரண்டு மணி நேரமாவது இடைவெளி விட்டால் செயற்கைக்கோள்களின் அமைப்பு மாறியிருக்கும். அடுத்த நாள் காலையில் அளந்தால் இன்னும் நல்லது.

பேஸ் பக்கத்தில் இருக்கட்டும். வழக்கமாக 15 கி.மீ. வரை போகிறவர் புயல் நாளில் ஐந்துக்குள் நின்றுகொள்ளலாம். சர்வே ஆஃப் இந்தியாவின் கோர்ஸ் வலையமைப்பைப் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை. பல பத்துக் கி.மீ. இடைவெளியில் நிற்கும் நிலையங்களுக்கு நடுவே அயனி மண்டலம் சீராக மாறும் என்று வைத்துத்தான் வலையமைப்பு திருத்தம் போடுகிறது. ஒரு குமிழி இரண்டு நிலையங்களுக்கு நடுவில் புகுந்துகொண்டால் வலையமைப்புக்கு அது தெரியவே தெரியாது. அப்படிப்பட்ட மாலையில் சொந்த பேஸ் வைப்பதே நல்லது. செயற்கைக்கோள் வழியாகத் திருத்தம் வாங்கும் சேவைகளிலும் இதே தொல்லை உண்டு. திருத்தத்தைச் சுமந்துவரும் அலையும் அதே அயனி மண்டலத்தைத்தான் கடக்கிறது, மினுக்கத்தில் அதுவும் அறுந்துபோகும்.

எலிவேஷன் மாஸ்க்கை 15 டிகிரிக்கு உயர்த்துங்கள். ஜி.பி.எஸ்., க்ளோனாஸ், கலிலியோ, பெய்டோ எல்லாவற்றையும் திறந்துவையுங்கள். குமிழி வானத்தின் ஒரு பகுதியை மறைக்கும்போது மற்றப் பகுதியில் போதுமான செயற்கைக்கோள்கள் இருக்க வேண்டும். குமிழிகள் வினாடிக்கு நூறு மீட்டர் அளவு வேகத்தில் கிழக்கே நகரும், ஆகவே சிக்னல் அறுந்துபோனால் அரைமணி நேரம் உட்கார்ந்திருங்கள், பல நேரம் தானாகச் சரியாகும். அதன் பின்னாலேயே அடுத்தது வரலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

நேரத்தைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் காலையை எடுத்துக்கொள்ளுங்கள். எலக்ட்ரான் எண்ணிக்கை விடியலுக்கு முன் மிகக் குறைவு, பிற்பகல் இரண்டு மூன்று மணிக்கு உச்சம். விடிந்ததிலிருந்து பத்து மணி வரை எடுக்கும் அளவுகள் ஆண்டு முழுவதும் நம் ஊரில் நம்பகமானவை. வெயிலுக்குப் பயந்து மாலையில் களத்துக்குப் போகும் பழக்கம் மார்ச், ஏப்ரலில் கருவிக்கு ஒத்துவராது.

இவ்வளவு செய்தும் சோதனைப் புள்ளி நிற்காவிட்டால் டோட்டல் ஸ்டேஷனை வெளியே எடுங்கள். ஒளியால் தூரம் அளக்கும் கருவிக்கு அயனி மண்டலத்தோடு எந்த உறவும் இல்லை. காலையில் உறுதியாகக் கிடைத்த இரண்டு புள்ளிகளை வைத்து மீதி வேலையை அதிலேயே முடித்துவிடலாம்.

ட்ரோன் ஓட்டுபவர்களிடையே புயல் வந்தால் ட்ரோனின் திசைகாட்டி குழம்பும் என்ற பயம் பரவலாக இருக்கிறது. நம் பகுதியில் அது தேவையற்ற பயம். தமிழ்நாட்டில் காந்தப்புலத்தின் கிடைக்கூறு சுமார் 40,000 நானோடெஸ்லா. 2024 மே புயலின் 400 நானோடெஸ்லா அதில் நூற்றில் ஒரு பங்கு. 1859 செப்டம்பர் 2-ல் மும்பை கொலாபா ஆய்வகம் பதிவு செய்த 1,600 நானோடெஸ்லா சரிவு திரும்ப வந்தாலும் நூற்றில் நான்குதான். அந்த மாற்றமும் பெரும்பாலும் வடக்கு தெற்குத் திசையிலேயே நடப்பதால் முள் திரும்பாது, வலு மட்டும் குறையும். ட்ரோனுக்கு உண்மையான ஆபத்து ஜி.பி.எஸ். பிடி விட்டுப்போவது. அப்போது அது ஒரே இடத்தில் நிற்காமல் காற்றோடு நகரும், வீடு திரும்பும் கட்டளையும் வேலை செய்யாது. புயல் நாளிலும், மார்ச் மாத மாலையிலும், கண்ணுக்கு எட்டும் தூரத்தில் கையால் ஓட்டத் தெரிந்தவர் மட்டும் பறக்கவிட வேண்டும்.

படகில் இருப்பவருக்கு இருபது முப்பது மீட்டர் பிழை பெரிதில்லை. கடலில் கவலை வேறு. இரவு எட்டு மணிக்கு மேல் திரையில் இடம் துள்ளினாலோ, செயற்கைக்கோள் எண்ணிக்கை நான்குக்குக் கீழே விழுந்தாலோ கருவி பழுதாகிவிட்டது என்று அணைத்து அணைத்துப் போட வேண்டாம். காம்பஸைப் பார்த்துத் திசையை வைத்துக்கொண்டு, கடைசியாகத் தெளிவாக இருந்த இடத்தையும் நேரத்தையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். கடல் எல்லைக்கு அருகே தொழில் செய்பவர்கள் அப்படிப்பட்ட இரவில் இடைவெளியைக் கூட்டிக்கொள்வது நல்லது. கைபேசியில் வழி பார்க்கும் மற்றவர்கள் இந்த அத்தியாயத்தைக் கவலையின்றி மூடிவிடலாம். வைஃபை, கைபேசிக் கோபுரம், சாலை வரைபடம் எல்லாம் சேர்ந்து அவர்களைக் காப்பாற்றிவிடும்.

ஏற்கெனவே எடுத்த அளவுகள்

புயல் அடித்தது தெரியாமல் வேலை முடித்திருப்பீர்கள், மறுநாள் செய்தியில் படிப்பீர்கள். அப்போது என்ன செய்வது? இதற்கான ஏற்பாடு முன்பே இருக்க வேண்டும். பேஸிலும் ரோவரிலும் மூலத் தரவைப் பதிவு செய்யும் வசதி எப்போதும் இயங்கிக்கொண்டிருக்கட்டும். மெமரி கார்டு மலிவு. ஆர்.டி.கே. தந்த முடிவை மட்டும் சேமித்தவருக்கு மறுபரிசீலனைக்கு வழியே இல்லை. மூலத் தரவு இருந்தால் அலுவலகத்தில் மறுபடி கணக்கிடலாம். முன்னும் பின்னும் நேரத்தை ஓட்டிப் பார்க்கும் மென்பொருள், களத்தில் கருவி தவறவிட்ட அலைத் தாவல்களைக் கண்டுபிடிக்கும். சர்வதேச ஜி.என்.எஸ்.எஸ். சேவை வெளியிடும் துல்லியமான சுற்றுப்பாதைத் தரவும், அயனி மண்டல வரைபடங்களும் சில நாள் கழித்து இலவசமாகக் கிடைக்கும். ஒரு மணிநேரத்துக்கு மேல் ஒரே இடத்தில் நின்று எடுத்த ஸ்டேட்டிக் அளவு பெரும்பாலும் மீட்கக்கூடியது. ஐந்து நொடி நின்று எடுத்த புள்ளிகளை அப்படி மீட்பது அரிது, அவற்றைத் திரும்பப் போய் அளப்பதுதான் வழி.

களப் புத்தகத்தில் ஒவ்வொரு அமர்வுக்கும் தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், பேஸ் தூரம், கண்ட செயற்கைக்கோள் எண்ணிக்கை, சோதனைப் புள்ளியில் வந்த வித்தியாசம், அன்றைய ஜி நிலை ஆகியவற்றை எழுதுங்கள். நிலத் தகராறு நீதிமன்றத்துக்குப் போனால் சில ஆண்டுகள் கழித்துத்தான் உங்கள் அளவைக் கேட்பார்கள். அப்போது அந்தக் கல் எந்த நாளில், எந்த மணிக்கு, எந்தச் சோதனைக்குப் பிறகு நடப்பட்டது என்பதை அந்தப் பக்கத்தைத் திறந்து காட்ட முடியும். சந்தேகம் உள்ள புள்ளிகளைப் படத்தில் நீக்கிவிடாமல், தனி அடையாளத்தோடு விட்டுவையுங்கள். மறு அளவு எடுத்ததும் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பக்கத்திலேயே குறித்து, வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் அறிக்கையிலும் அந்த வரியைச் சேருங்கள்.